நாகர்கோவிலில் ஒரு துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை

அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில் இருக்கிறது. குலசேகரத்துக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். இரண்டு பருவமழையும் கொட்டும் மண்ணில் இரும்பு நிம்மதியாக இருப்பதில்லை. குழல் மடிந்து திறக்கும் கீல் ஆடத் தொடங்கியிருந்தது.

கடைக்காரப் பெரியவர் முதலில் உரிமப் புத்தகத்தைக் கேட்டார். பிறகு துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழலை ஜன்னல் பக்கம் தூக்கி ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். நான் ஆசையாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, இதிலேயே ரைபிள் தோட்டா போடும்படி மாற்ற முடியுமா?"

"மாட்டேன் தம்பி" என்றார். இதில் போடும் 12 போர் (குழலின் அளவு) தோட்டாவின் அழுத்தத்துக்கு உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 11,500 பவுண்டு. ரைபிள் தோட்டாக்கள் பலவற்றில் அது 50,000ஐத் தாண்டும். அதைத் தாங்க வேண்டியது, மூடிய குழலைப் பிடித்து வைக்கும் விரல் நகத்தளவு பூட்டு நாக்கு. அதன் தேய்ந்த விளிம்பை என் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வைத்தார். வெடித்தால் முகத்துக்கு நேராகத்தான். அதற்கென்று உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னார்.

கீலைச் சரிசெய்து, துரு நீக்கி, எண்ணெய் பூசிக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. சொன்னது ஒரு வாரம். அது ஒன்றுதான் குறை. இப்போது பூட்டும்போது 'டக்' என்று ஒரே சத்தம், துளி ஆட்டமில்லை. அப்பா காலத்தில் கேட்ட அதே சத்தம்.