பொங்கல் விடுப்பில் ஒரு குடல் சிகிச்சை: கோவை அனுபவம்

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இந்நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டால், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் ஏதும் தலைகாட்டியிருக்கிறதா என்று கோலனாஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரிட்டனில் அவரவர் ஆபத்தைப் பொறுத்து அதை ஆண்டுக்கு ஒரு முறை, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை என்று வகுத்திருக்கிறார்கள். லண்டனில் எனக்குரிய நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், பொங்கலை ஒட்டிக் கிடைத்த ஆறு வார விடுப்பில் கோயம்புத்தூரிலேயே அதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். தங்கியது பொள்ளாச்சியில், அக்கா வீட்டில்.

ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டே நாளில் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. அவர் முதலில் கேட்டது, நோய் இப்போது அடங்கியிருக்கிறதா என்பதைத்தான். புண் ஆறாத குடலில் அழற்சியால் வந்த மாற்றத்தையும் டிஸ்பிளேசியா என்னும் முன்புற்று மாற்றத்தையும் பிரித்தறிவது கடினம் என்பதால், மலத்தில் கால்புரோடெக்டின் என்னும், அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் அளவைப் பார்த்த பிறகே தேதி கொடுத்தார். அழற்சியை அடக்க நான் சாப்பிடும் மருந்து லண்டன் சீட்டில் ‘மெசலசீன்’ என்றும் இங்கே எழுதிய சீட்டில் ‘மெசலமைன்’ என்றும் இருந்ததை வரவேற்பு மேசையில் இரண்டு மருந்துகளாகப் பதிந்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்துத் திருத்தியவர் மருந்தகத்தில் இருந்த இளைஞர்.

குடலைச் சுத்தம் செய்யும் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது எந்த நாட்டிலும் இன்பமான வேலையன்று. ஆனால் இடையிடையே இளநீர் குடிக்கலாம் என்று சொன்னது பொள்ளாச்சியில் இருப்பவனுக்குப் பெரிய சலுகை. காலை ஐந்து மணிக்குச் செவிலியர் தொலைபேசியில் அழைத்து, “கலங்கலாப் போகுதுங்களா, தண்ணி மாதிரி போகுதுங்களா?” என்று கேட்டார்; தண்ணீர் மாதிரிதான் என்று உறுதியாகச் சொன்ன பிறகே புறப்பட்டு வரச் சொன்னார். லண்டனில் ஒருமுறை சுத்தம் போதவில்லை என்று பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியின் அருமை எனக்குத் தெரியும்.

அன்று குடல் முழுவதும் இண்டிகோ கார்மைன் சாயத்தைத் தெளித்துப் பார்த்தார்கள். அவுரி நீலத்தின் வழிவந்த சாயம் அது. சளிச்சவ்வின் மடிப்பிலும் பள்ளத்திலும் தேங்கி, வெறும் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாத தட்டையான திட்டுகளுக்கு விளிம்பு வரைந்து காட்டிவிடுகிறது. சிக்மாய்டு என்னும், மலக்குடலுக்குச் சற்று முந்தைய பகுதியில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலத்தில் அப்படி ஒரு திட்டு தெரிந்தது. அதிலிருந்து துண்டு எடுத்தால் அந்த இடம் தழும்பேறிப் பின்னர் முழுதாக எடுப்பது சிரமமாகும் என்று, படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள சவ்விலிருந்து பயாப்சி எடுத்தார்கள். கையோடு எடுத்துவிடாமல் நிறுத்திக்கொண்ட அந்த நிதானத்தை, இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை என்றே சொல்வேன்.

முன்பெல்லாம் இத்தகைய திட்டு தெரிந்தால் பெருங்குடலையே அகற்றச் சொல்வது வழக்கமாக இருந்தது. 2015இல் வெளியான சீனிக் என்னும் பன்னாட்டு நிபுணர் பரிந்துரை, எல்லை தெளிவாகத் தெரிகிற திட்டை எண்டோஸ்கோப் வழியாக முழுமையாக எடுத்துவிட முடிந்தால், குடலை எடுப்பதற்குப் பதிலாகத் தொடர்ந்து கண்காணிக்கலாம் என்று கூறியது. என்றாலும் எடுப்பது எளிதன்று. சாதாரணக் குடலில் திட்டுக்கு அடியில் திரவம் செலுத்தினால் அது கொப்புளம்போல் எழும்பும், கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்துவிடலாம். பலமுறை புண்ணாகி ஆறிய குடலில் அடியடுக்கு தழும்பாகி ஒட்டிக்கொள்வதால் எழும்பாது. அக்காவுக்கு இதை மருத்துவர் விளக்கியபோது, “பழகாத கல்லுல தோசை ஒட்டிக்கிற மாதிரிங்களா?” என்று அவள் கேட்டாள். அதேதான் என்றார் அவர். பிய்த்துப் பிய்த்து எடுத்தால் ஓரம் மிஞ்சிவிடும் என்பதால், ஜப்பானில் உருவான ஈஎஸ்டி முறையில், நுண்கத்தியால் அடியடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து ஒரே துண்டாக எடுப்பது என்று முடிவாயிற்று. குடல் ஓட்டையாகும் வாய்ப்பும் இரத்தக்கசிவு வாய்ப்பும் இதில் கூடுதல் என்பதையும், அப்படி நேர்ந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும் மழுப்பாமல் சொன்னார்கள்.

ஒன்பது நாள் கழித்து, பொங்கல் முடிந்த வாரத்தில், மயக்கத்தில் வைத்து இரண்டு மணி நேரத்தில் எடுத்து முடித்தார்கள். மாலையில் மருத்துவர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்: தெர்மோகோல் துண்டில் சுற்றிலும் ஊசி குத்தி, சுருங்காதபடி விரித்து வைக்கப்பட்ட என் குடற்சவ்வு, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. புண்ணை மூடப் போட்ட ஆறு கிளிப்புகளுக்கும் பில்லில் தனித்தனியே விலை இருந்தது. முன்னதாகக் கொடுத்த மதிப்பீட்டில் அந்த வரியே இல்லை. முன்கூட்டித் திட்டமிட்ட சிகிச்சையைப் பயணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதால் மொத்தமும் கைக்காசு.

குறை என்று நான் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போன படிவத்தில் “பாலிப்”, அதாவது குடலில் வரும் சதை வளர்ச்சி, என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கோலைட்டிஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே வந்த அறிக்கையும் லேசான டிஸ்பிளேசியா என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது. வெட்டிய ஓரங்களில் மாற்றம் எட்டியிருக்கிறதா, ஆழத்தில் மிச்சமில்லையா என்பவைதான் என் குடல் தங்குமா என்பதைத் தீர்மானிக்கும் செய்திகள். அவை இல்லாத அறிக்கை எனக்கு எதற்கு? மூன்று முறை போய் நின்ற பிறகு திருத்திய அறிக்கை கிடைத்தது: ஓரங்களும் அடிப்பகுதியும் சுத்தம். டிஸ்பிளேசியா என்பதை இன்னொரு நிபுணரும் பார்த்து உறுதிசெய்வது நல்லது என்பதால், கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீடியோ பதிவு கேட்டபோது முதலில் விழித்தார்கள், பிறகு பென்டிரைவ் கொண்டுவரச் சொன்னார்கள்.

இப்படி எடுத்துக்கொள்வோர் விடுப்பின் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரத்தக்கசிவு இரண்டு வாரம் வரைகூடத் தாமதித்து வரலாம், அது நடுவானில் வரக் கூடாது. நான் பதினாறாம் நாள் விமானம் ஏறினேன். அக்கா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஸ்லைடுகளை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். லண்டனில் அவற்றைப் பார்த்தவர்களும் அதே முடிவைச் சொல்லி, அடுத்த கோலனாஸ்கோபியை ஜூலைக்குக் குறித்திருக்கிறார்கள்.