வாரியக் கூட்டத்துக்கு 680 வெள்ளி சீட்டு!

கலிபோர்னியாவுக்குத் தாதி லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கன்சல்டன்சி. பெயர் வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கும் கலிபோர்னியா தாதியர் வாரியத்துக்கு என் விண்ணப்பத்தை அவர்கள் மூலம்தான் அனுப்பினேன். நாலு மாதம் சத்தமே இல்லை. கேட்டால், "சிஸ்டர், உங்க பேரை வாரியக் கூட்டத்துல வைக்கணும். நம்ம ஆள் அங்க உட்கார்ந்து பேசுவாரு. சீட்டுக்குத் தனிக் காசு" என்றார் அந்தத் தம்பி. 680 வெள்ளி. இரவு ஷிப்ட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் தூங்கி வழிந்தபடியே போனிலேயே பேநவ் வழியாக அனுப்பித் தொலைத்தேன். ரசீது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. "மீட்டிங் சீட்" என்று எழுதி, மேலே கோணலாக ஒரு சீல்.

வார்டில் கூட வேலை பார்க்கும் அக்காதான் சிரித்தார்: "சீட்டா? சினிமாவா காட்டுறாங்க?"

அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். அங்கே பேக்லி-கீன் என்று 1967-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில வாரியங்கள் கூடினால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வாசலில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும்தான் கதவை மூடுவார்கள். நிகழ்ச்சி நிரலை 10 நாள் முன்னதாகவே இணையத்தில் போட வேண்டும். பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். என்னுடையது மாதிரிச் சாதாரண விண்ணப்பத்தை அலுவலக ஊழியர்களே பார்த்து முடிக்கிறார்கள். கூட்டம் வரைக்கும் போகிற சமாச்சாரமே இல்லை.

தம்பி சொன்ன தேதியின் நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். என் பெயர் எங்கே இருக்கும்? விடவில்லை, நேரலையையும் பார்த்தேன். கோடையில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12. பார்க்க யாரும் காசு கேட்கவில்லை. 'நம்ம ஆள்' யாரும் எனக்காக வாயைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் கேட்டேன். "அது ப்ராசஸிங் ஃபீஸ், திரும்ப வராது சிஸ்டர்." அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு நம்மைப் போன்ற வாடிக்கையாளர் கட்டுவது 10 வெள்ளிதான், வக்கீலும் கிடையாது. ஆனால் 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் முதல் அழைப்பு. கோணல் சீல் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன்.