வாளேந்திய மணமகள்: 'லேடி டேஞ்சர்' நாவல் மதிப்புரை

கிளினிஸ் காம்ப்பெல் எழுதிய 'லேடி டேஞ்சர்', ஸ்காட்லாந்தின் ரிவன்லோக் கோட்டையின் மூன்று சகோதரிகளைப் பற்றிய நாவல் வரிசையில் முதலாவது. கோட்டைக்கு வரும் நார்மன் தளபதி பேகன் கமெலியார்டுக்குத் தங்கை மனைவியாவதைப் பொறுக்காத டெய்ர்ட்ரே, சூழ்ச்சி செய்து அவளுடைய இடத்தில் தானே மணமகளாக நின்றுவிடுகிறாள். வாள்வீச்சில் தேர்ந்தவள் அவள்; ஆனாலும் அவளுடைய வாளைவிட இந்த முடிவே என்னைக் கவர்ந்தது. தன் மக்களைக் காக்கும் பொறுப்பிலிருந்து பிறந்த துணிச்சல் என்பதால், அது வெறும் முரட்டுத்தனமாக எனக்குத் தோன்றவில்லை.

பகைவனே கணவனாவது காதல் நாவல்களில் பழகிப்போன உத்திதான் என்றாலும், ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை அதில் வரலாற்றின் சாயலும் உண்டு. வட பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை 1066இல் படையெடுத்து வென்ற நார்மன்கள், ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் மன்னர் அளித்த நிலக்கொடைகளால் வேரூன்றினர். 1124 வாக்கில் முதலாம் டேவிட் மன்னரிடம் அன்னண்டேல் பகுதியைப் பெற்ற நார்மன் பிரபு ராபர்ட் டி புரூஸின் வழித்தோன்றல்தான், 1314இல் பானக்பர்னில் ஆங்கிலப் படையை முறியடித்த ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ். இதை மனத்தில் வைத்துப் படிக்கும்போது, டெய்ர்ட்ரேவுக்கும் அவள் அந்நியனாக எண்ணும் கணவனுக்கும் இடையிலான இழுபறி, ஒரு நாடு உருவான கதையின் சிறு வடிவமாகவே தெரிகிறது.

கோட்டையைக் காக்கும் பெண்ணும் வெறுங்கற்பனை அல்லள். 1338இல், கணவர் இல்லாத வேளையில், ஸ்காட்லாந்தின் டன்பார் கோட்டையை ஆங்கிலேயரான சால்ஸ்பரி பிரபுவின் முற்றுகையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதம் காத்து நின்றவர் 'கறுப்பு ஆக்னஸ்'. எதிரியின் கல்லெறி பொறிகள் தாக்கிய மதிலின் புழுதியைப் பணிப்பெண்களைக் கொண்டு துணியால் துடைக்கச் செய்து அவர் எள்ளினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஆக்னஸை அறிந்தவர்களுக்கு நாவலின் பிற்பகுதி சற்று உறுத்தலாம்; வெளிப்பகை சூழும்போது டெய்ர்ட்ரே கணவனை நம்பியாக வேண்டியிருக்கிறது. நான் அதைப் பணிவாகக் கொள்ளவில்லை. தன் படைபலத்தை அளந்து பார்க்கும் ஒரு தலைவியின் முடிவாகவே கொண்டேன். இருவரும் ஒருவரையொருவர் அடக்க முயலும் காட்சிகள் மட்டும் குறைந்திருந்தால், அந்த முடிவு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கும்.

காமக் காட்சிகள் வெளிப்படையானவை என்பதால், இது முதிர்ந்த வாசகர்களுக்கான நாவல். சகோதரிகளின் கதைகளைத் தொடர விரும்புவோர் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.