ரிட்டர்ன் ‘ஃபைல்டு’ என்று காட்டும், வரிப் பணம் போயிருக்காது

மாதாமாதம் ஜிஎஸ்டி பணத்தைக் கணக்குப் பார்ப்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சலானை ஃபைலில் போட்டு வைக்கிறீர்களா? தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். கோவையில் என் அண்ணன் நடத்தும் பம்ப் உதிரிபாகப் பட்டறையில் நடந்தது இது. ஆபீஸ் வேலையை நான் பார்க்கிறேன்.

எங்களுக்கு ஜிஎஸ்டி பார்த்தவருக்கு எங்கள் பகுதியில் நல்ல பெயர். எங்கள் வீதியிலேயே பல பட்டறைகளுக்கு அவர்தான். ஆடிட்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சி.ஏ. இல்லை என்பது புகார் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு எடுத்துக் கொடுத்தவரும் அவரே. போர்ட்டலில் எங்கள் பெயருக்கு நேராகத் தன் மொபைல் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொண்டார். “ஓடிபி ஓடிபின்னு உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதானுங்க” என்றார். பாஸ்வேர்டும் அவர் கையில். வரி எவ்வளவு என்று சொல்பவர், பணத்தை வாங்குபவர், கட்டுபவர், ரிட்டர்ன் போடுபவர், கட்டியாச்சு என்று சான்று அனுப்புபவர் எல்லாம் அந்த ஒரே ஆள்.

வெளியே வந்தது எங்கள் வாடிக்கையாளர் மூலமாக. நாங்கள் சரக்கு அனுப்பும் கம்பெனியின் அக்கவுண்டன்ட் போன் செய்தார். “மேடம், போன மாசத்து பில் ஒண்ணுகூட எங்க டூ-பில வரலீங்க. வந்தப்புறம்தான் பேமெண்ட் போடுவோம்ங்க.” டூ-பி (2பி) என்பது, விற்றவர்கள் காட்டும் பில்களை வைத்து வாங்கியவருக்குப் போர்ட்டலே தயாரிக்கும் பட்டியல். எங்கள் ஆடிட்டரைக் கேட்டால் சர்வர் பிரச்சினை என்றார். அடுத்த வாரம் அதே பதில். அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்க்க எங்களிடம் பாஸ்வேர்டு இல்லை, ஓடிபியும் அவருக்குத்தான் போகும். வேறொரு சி.ஏ. சொன்னபடி, ஆதாரங்களோடு எங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தோம். மொபைல் நம்பரையும் மின்னஞ்சலையும் அவர்கள் மாற்றிக் கொடுக்க முடியும். இதே நிலையில் இருப்பவர்கள் இந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாகின் ஆனதும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பில் நின்றுபோன அந்த மாதம் தவிர, வரிக் கணக்கைக் காட்டும் 3பி ரிட்டர்ன் எல்லா மாதமும் ‘ஃபைல்டு’. அந்த சி.ஏ. ஒரு மாதத்தை மட்டும் திறந்து, எங்கள் பர்ச்சேஸ் பில்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். விற்பனைக்கான வரி 1,80,000 ரூபாய். கொள்முதலில் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த வரிக்காகக் கழித்துக்கொள்ளக்கூடிய இன்புட் 1,10,000. மீதி 70,000-ஐப் பழைய ஆடிட்டர் எங்களிடம் வாங்கியிருக்கிறார். ஆனால் 3பி-யில் இன்புட் 1,74,000 என்று போட்டு, அரசாங்கத்துக்கு 6,000 மட்டும் கட்டியிருக்கிறார். மிச்சம் 64,000 அவர் பைக்குள். முந்தைய மாதங்களைத் திறக்கத் திறக்க இதே கதை.

அப்படியானால் 70,000 ரூபாய்க்கு எங்களுக்கு வந்த சலான்? அது போலியே இல்லை, போர்ட்டலில் எடுத்த உண்மையான சலான்தான். ஆனால் பணம் கட்டாத சலான். சலான் உருவாக்கியவுடன் சிபிஐஎன் என்று 14 இலக்க எண் ஒன்று வரும். 15 நாளுக்குள் கட்டாவிட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும். பணம் உண்மையில் போய்ச் சேர்ந்தால்தான் சிஐஎன் என்ற 17 இலக்க எண் வரும். எங்கள் ஃபைலில் இருந்த தாள்கள் எதிலும் சிஐஎன் கிடையாது.

இன்புட் 2பி-யில் இருப்பதைவிடக் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் அதிகமாக எடுத்தால் சிஸ்டமே கண்டுபிடித்து டிஆர்சி-01சி என்ற அறிவிப்பு அனுப்பும். 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து, விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன் போட முடியாது. எங்கள் பில்கள் கம்பெனிக்குப் போகாமல் நின்றது இதனால்தான். அந்த அறிவிப்புகள் எல்லாம் யார் மின்னஞ்சலுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் வைத்த அலாரம் சரியாகவே அடித்திருக்கிறது, திருடியவர் வீட்டில்.

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2018-ல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையில் வெளிவந்த மோசடி, முதலில் சொன்ன தொகையே சுமார் 11,400 கோடி ரூபாய். வெளிநாட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் தகவல்கள் வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகப் போயின, வங்கியின் மையக் கணக்கு சிஸ்டமான கோர் பேங்கிங்கில் பதிவாகவில்லை. இரண்டு சிஸ்டமும் அப்போது தானாக ஒத்துப் பார்த்துக்கொள்ளாது. எங்கள் பட்டறையின் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஜிஎஸ்டி லெட்ஜரும் இருந்த நிலைமை அதேதான்.

பணத்தைவிட மனசை உடைத்தது சட்டம் சொல்வது. ஜிஎஸ்டி சட்டத்தின் 48-வது பிரிவுப்படி, நமக்காக ஜிஎஸ்டி பிராக்டிஷனர் (பதிவு பெற்ற ஜிஎஸ்டி ஆலோசகர்) போட்ட ரிட்டர்ன் என்றாலும் அதில் இருப்பதற்குப் பொறுப்பு பதிவு பெற்றவருக்குத்தான். ஆக, ஒருமுறை இவரிடம் கொடுத்த வரியை அண்ணன் மறுபடி கட்டுகிறார், 18 சதவீத வட்டியோடு. நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் டிஆர்சி-03 என்ற படிவம் மூலம் முன்வந்து கட்டினால் அபராதச் சுமை குறையும் என்று சி.ஏ. சொன்னதால் அப்படியே செய்தோம். அண்ணியின் நகை பேங்கில் அடகில் இருக்கிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்களுக்கு வந்த சலானில் உள்ள சிபிஐஎன் எண்ணை எடுத்து, ஜிஎஸ்டி தளத்தில் ‘ட்ராக் பேமெண்ட் ஸ்டேட்டஸ்’ பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு போடுங்கள். லாகின் தேவையில்லை. கட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். லாகின் இருந்தால் அரசாங்கத்துக்குக் கட்டிய பணம் வரவாகும் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரைத் திறந்து, நீங்கள் கொடுத்த தொகை வரவில் இருக்கிறதா என்று பாருங்கள். 3பி-யில் எடுத்த இன்புட்டை 2பி-யோடு வைத்துப் பாருங்கள். ‘சர்ச் டேக்ஸ்பேயர்’ பகுதியில் ரிட்டர்ன் போட்டாயிற்று என்று காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், எங்களுக்கும் அப்படித்தான் காட்டியது.

அப்புறம், போர்ட்டலில் உங்கள் சொந்த நம்பர் இருக்க வேண்டும். ஓடிபி தொந்தரவுதான், இருக்கட்டும். சலானை உங்கள் ஆடிட்டர் போடட்டும், பணம் உங்கள் பேங்கிலிருந்து நேராக அரசாங்கத்துக்குப் போகட்டும். யார் கணக்கு வழியாகவும் வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும் வேண்டாம். நல்ல ஆடிட்டர் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் புது சி.ஏ. பணத்தைத் தன் கணக்கில் வாங்கவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிஎஃப் பணத்தை இடையில் ஒருவரிடம் கொடுப்பவர்களும் தொழிலாளர்களை அரசின் உமாங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக் பார்க்கச் சொல்லுங்கள்.

மாநகரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டாத சலான்கள், கேஷ் லெட்ஜர் நகல் நான்கையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்ததால் விஷயத்தைப் புரியவைக்க முடிந்தது. விசாரணை நடப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. எங்கள் வீதியில் அவரிடம் கணக்குக் கொடுத்திருப்பவர்கள் நேரில் வாருங்கள், லெட்ஜர் எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்து காட்டுகிறேன். ஏற்கெனவே இரண்டு பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவருடையது சரியாக இருந்தது. இன்னொருவர் எங்களோடு சேர்ந்து புகார் கொடுக்கிறார்.