முனிர்க்காவிலிருந்து ஆறாம் வகுப்புக்கு: ஒரு மாவுக்கடைக்காரன் நடந்து பார்த்த பள்ளிகள்

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெண் முதலில், பத்து நிமிடம் கழித்துப் பையன். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் இன்றுவரை அவனை அதட்டிக்கொண்டிருக்கிறாள். தெற்கு தில்லி முனிர்க்கா பக்கத்து எம்சிடி (மாநகராட்சி) பள்ளியில் ஐந்து வருடமாக ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இந்த ஏப்ரலில் இருவரும் ஆறாம் வகுப்பு. இனி ஒரே பள்ளியா, தனித்தனிப் பள்ளியா என்பது இன்னும் முடிவாகவில்லை என்று தலைமையாசிரியை சொன்ன அன்றிலிருந்து எனக்குப் பள்ளி பார்க்கும் வேலை ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தில்லியில் மாநகராட்சிப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறிலிருந்து தில்லி அரசின் கல்வித் துறை. எந்த எம்சிடி பள்ளிப் பிள்ளை எந்த அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். ஃபீடர் மேப்பிங் என்பார்கள். அந்த வழியில் சேர்வது பிளான் அட்மிஷன். பழைய பள்ளியே பட்டியலை அனுப்பிவிடும். தனியார் பள்ளியிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வருகிறவர்கள் ஆன்லைனில் விண்ணப்பிப்பது நான்-பிளான். பிளானில் நமக்கு அலைச்சல் கிடையாது. அதே சமயம் நம்மை ஒரு வார்த்தை கேட்பவரும் கிடையாது.

இதுவரை எங்கள் பள்ளிக்குப் போட்டிருந்த முடிச்சு, அவுட்டர் ரிங் ரோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கட்டடத்தோடு. பெண்களுக்குக் காலை ஷிஃப்ட், ஆண்களுக்கு மாலை ஷிஃப்ட். ஒரே கேட், ஆனால் கணக்கில் இரண்டு பள்ளி. இப்போது அந்த முடிச்சை அவிழ்த்து, சாலைக்கு அந்தப் பக்கம் ஆர்.கே. புரத்தில் இருபாலரும் படிக்கும் ஒரு பள்ளியோடு போடப்போகிறார்கள் என்று பேச்சு. ஆர்டர் வரவில்லை, பேச்சுதான் என்கிறார் தலைமையாசிரியை. மூன்று வாரமாக அதையேதான் சொல்கிறார்.

எனக்குத் தொழில் இட்லி மாவு. விடியற்காலை நாலு மணிக்கு கிரைண்டர் போட்டால் ஒன்பதரைக்குள் வேலை முடிந்துவிடும். மாலை ஐந்துக்குமேல்தான் வாடிக்கை. நடுவில் கிடைத்த நேரத்தில் போய்ப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வண்டி இருக்கிறது, இருந்தாலும் நடந்தே போனேன். பிள்ளைகள் நடந்துதானே போகப்போகிறார்கள். அரசுப் பள்ளிகள் இரண்டின் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே என் பிள்ளைகள் ஏழு வருடம் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்தப் பக்கத்துப் பள்ளியின் காலை ஷிஃப்ட். வீட்டிலிருந்து 12 நிமிடம், பெரிய சாலை எதையும் கடக்க வேண்டாம். கேட்டில் இருந்த கார்டு என்னைப் பார்த்ததும் "அண்ணா" என்றான். தில்லியில் நம் முகத்தைப் பார்த்தால் எல்லோரும் அண்ணாதான், அறுபது வயதுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். பெண்ணைச் சேர்க்கப்போகிறேன் என்றதும் ஆபீஸ் வரை விட்டான். வராந்தா பெருக்கியிருந்தது. கூலரில் மூன்று குழாய், ஒன்றைச் சாக்குத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள், மற்ற இரண்டிலும் தண்ணீர் சில்லென்று வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு டீச்சர் பின்னத்தைச் சப்பாத்தி வரைந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சுப் பெண்கூட நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் என் மகள் என்னிடம் கேட்கச் சொன்ன கேள்வி வேறு. "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கான்னு பாத்துட்டு வாங்கப்பா." அதை நான் எப்படிப் பார்ப்பது? மறுநாள் மனைவியை அனுப்பினேன். எட்டுக் கதவு, ஆறில் தாழ்ப்பாள், ஏழாவதில் கயிறு, எட்டாவது பூட்டிக் கிடக்கிறது, வாளியில் தண்ணீர் உண்டு. மகளுக்கு அது போதும் என்று தோன்றியது. எனக்கும்தான்.

இனி மாலை ஷிஃப்ட். பள்ளி பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு நல்ல பள்ளி என்று திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன், அன்று எதிரே டீக்கடையில் உட்காராமல் இருந்திருந்தால். பன்னிரண்டரைக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். பையன்கள் அதற்கு முன்பே சுவரோரம் நிழல் தேடிக் குவிந்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு அம்மா, கையில் ஒரு துடைப்பம், எத்தனையோ அறைகள். அவர் எத்தனை அறையைப் பெருக்க முடியும்? பையன்கள் உள்ளே போகும்போது முந்தின ஷிஃப்டின் காகிதமும் தோலும் பெஞ்சுக்கடியில் அப்படியே கிடந்தன. கரும்பலகையில் அந்தச் சப்பாத்தி வட்டம் பாதி அழிந்து நின்றது. காலையில் பார்த்த அதே குழாயில் இப்போது தண்ணீர் வெதுவெதுப்பாகச் சொட்டியது.

பிரின்சிபல் வேறு, ஆசிரியர்கள் வேறு, வருகைப் பதிவேடு வேறு. ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லை; கெஸ்ட் டீச்சர் வருவார் என்றார் கிளார்க். எப்போது என்று கேட்டேன். சிரித்தார். வகுப்பில் மானிட்டர் பையன் பேசுகிறவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தான், பலகை நிறைந்துவிட்டது. டிசம்பரில் தில்லியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். மாலை ஷிஃப்ட் விடும்போது தெருவிளக்கு எரியும். பனியும் புகையும் சேர்ந்து பத்தடியில் வருகிறவர் தெரியாத நாளில் பத்து வயதுப் பையன் தனியாக வர வேண்டும்.

அந்த ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த டைம்டேபிள்தான் எனக்குப் பெரிய பாடம் நடத்தியது. எத்தனை செக்‌ஷன் என்று சும்மா எண்ணினேன். எட்டாம் வகுப்பு நாலு செக்‌ஷன், ஒன்பது ஏழு செக்‌ஷன், பத்தாம் வகுப்பு மூன்று. நடுவில் மட்டும் வயிறு உப்பிய மாதிரி. டீக்கடைக்காரருக்கு மகன் அங்கே படித்து முடித்தவன். எட்டு வரை யாரையும் ஃபெயில் போடாமல் அனுப்பினார்கள், ஒன்பதில் வந்து எல்லாம் தேங்கியது என்றார். இரண்டு தடவை ஒன்பதில் விழுந்த பையனைத் திறந்தநிலைப் பள்ளிக்கு, அதாவது என்ஐஓஎஸ் பக்கம், அனுப்பிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி சதவீதம் அழகாக வந்துவிடும். இப்போது ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து, மறுதேர்விலும் தேறாவிட்டால் நிறுத்திவைக்கலாம் என்று விதி வந்துவிட்டது. அதனால் அந்த வயிறு இனி எட்டுக்கு இறங்குமோ என்னவோ. எப்படியும், எந்தப் பள்ளிக்குப் போனாலும் வாசலில் தொங்கும் ரிசல்ட் பேனரைப் பார்க்காதீர்கள், ஒன்பதில் எத்தனை செக்‌ஷன், பத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். காலை ஷிஃப்டில் அதே கணக்கு நாலு, ஐந்து, நாலு. கட்டடமும் பாடப்புத்தகமும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றுதான்.

அந்தப் பக்கம் ஆர்.கே. புரம் பள்ளி. இது ஒரே ஷிஃப்ட், காலையில் தொடங்கி மதியம் முடிகிறது. இருபாலரும் உண்டு, ஆக இரட்டையர் பிரிய வேண்டாம். வேப்பமரம் நிறைந்த பெரிய மைதானம். செக்‌ஷன் எண்ணினேன்: மூன்று, மூன்று, மூன்று. ஒரு வகுப்பில் 28 பேர்தான் இருந்தார்கள். இப்படி இடம் காலியாக இருப்பதற்கு என் கணக்கு இது: நேதாஜி நகர், சரோஜினி நகர் என்று தெற்கு தில்லியில் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குவார்ட்டர்ஸ் காலியானால் பிள்ளைகளும் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் முனிர்க்காவில் ஒரு மாடிக்கு நாலு குடித்தனம், பெஞ்சுக்கு மூன்று பேர். மேப்பில் கோட்டை நகர்த்தலாம் என்று அதிகாரிக்குத் தோன்றுவது நியாயம்தான். நானாக இருந்தாலும் நகர்த்துவேன்.

ஆனால் நடந்து பார்க்க வேண்டும். மகளையும் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். 31 நிமிடம். அதில் ஏழு நிமிடம் அவுட்டர் ரிங் ரோட்டைக் கடப்பதற்கே. பாதசாரிக்குப் பச்சை விழுந்த பிறகும் இடது பக்கம் திரும்பும் பஸ் நிற்பதில்லை. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவள் அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 விதிகள் சொல்கின்றன. இரண்டு பள்ளிகளும் அதற்குள் அடங்கும். மேப்பில் பார்த்தால் அந்தச் சாலை ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். மனைவிக்குத் தில்லி பஸ்ஸில் 2019-லிருந்து டிக்கெட் காசு கிடையாது, அவள் கொண்டுபோய் விடலாம். அவள் மூன்று வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவள். ஏழு மணிக்கு முதல் வீடு.

அப்புறம் நம் தமிழ்ப் பள்ளி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் ஆரம்பித்தது. இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், பூசா ரோடு, மோதி பாக், ஜனக்புரி, ஆர்.கே. புரம் என்று ஏழு இடத்தில் பள்ளி நடத்துகிறது. அரசு உதவி பெறும் பள்ளிகள், சிபிஎஸ்இ. ஃபீடர் தொல்லை கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் சேரலாம். ஆர்.கே. புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் யாரைக் கேட்டாலும் "அங்கே போடு, தமிழ் வரும்" என்கிறார்கள். வரும்தான். என் பையன் கடை விலைப் பலகையில் "இட்லி மவு" என்று எழுதினான். துணைக்காலை விட்டுவிட்டான். நான்தான் சாக்பீஸ் எடுத்து ஒட்டவைத்தேன். எம்சிடி பள்ளியில் தமிழ் கிடையாது, நான் சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அங்கே தமிழ் படித்து வந்த பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் இவன் போய் உட்கார வேண்டும். ஆறில் புது இடமும் கொஞ்சம்தான் காலியாகும். இதை ஐந்து வருடம் முன்பே யோசித்திருக்க வேண்டும். அப்போது பக்கத்துப் பள்ளி போதும் என்று சொன்னது நான்தான். இருவருக்குமே விசாரித்து வைத்திருக்கிறேன்.

அந்த ஏழில் லோதி எஸ்டேட் பள்ளியைச் சொன்னால் மனைவிக்கு முகம் மாறிவிடும். அவளுடைய சித்தி ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தார். 2025 ஜூன் 1 அன்று இடித்த அந்த 370 வீட்டில் ஒன்று. நரேலாவில் ஃபிளாட் ஒதுக்கினார்கள், ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சித்தியின் பேத்தி லோதி எஸ்டேட்டில் படித்துக்கொண்டிருந்தது. நான் 31 நிமிடத்தைப் பற்றிப் புலம்பியபோது சித்தி போனில் ஒன்றும் சொல்லவில்லை, "சரிப்பா" என்றார்.

மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. மாவு விற்பவன் வரிசை எங்கே முடிகிறது என்று தேட வேண்டும், அதுவும் ஆறாம் வகுப்பில் காலியிடம் இருந்தால்தான். தில்லி அரசில் 75 சிஎம் ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளிகள் புதிதாக அறிவித்து, 2025 செப்டம்பரில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வைத்தார்கள். பத்து வயதில் நுழைவுத் தேர்வா என்று மனைவி கேட்டாள். என்னிடமும் பதில் இல்லை.

ஆக, பெண்ணுக்கு இந்தப் பக்கத்துக் காலை ஷிஃப்ட், கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். பையனுக்கு அதே கட்டடத்தின் மாலை ஷிஃப்டைவிட ஆர்.கே. புரம் எவ்வளவோ மேல், ரோடு மட்டும் இல்லாவிட்டால். மேப்பிங் மாறினால் இருவரும் சேர்ந்து போவார்கள், அவள் அவனை அதட்டிக் கடக்க வைப்பாள். மாறாவிட்டால் அவள் மதியம் வீட்டுக்கு வரும்போது அவன் கிளம்புவான். வீட்டில் விளக்கை அணைத்துப் படுக்கும்வரை ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவும் முடியாது. மாற வேண்டும் என்று ஒரு நாள் நினைக்கிறேன், மாறக் கூடாது என்று மறுநாள் நினைக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவிடம் சிக்னல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், எழுதிக் கொடு என்றார். கொடுத்தாயிற்று.

நேற்று மறுபடியும் தலைமையாசிரியையைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளின் படிவத்தையும் எடுத்துக் காட்டினார். பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் நீலப் பேனாவில். சேர வேண்டிய பள்ளி என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை அழித்த அடையாளமும் தெரிந்தது.