கறுப்புத் துணி முன்னாடி நின்ன மைதான் போராளிங்க – ஒரு போட்டோ புக் ரிவ்யூ

போராட்டம்னாலே தீ, கூட்டம், கல்லெறி மட்டும் காட்டற போட்டோ பாத்து சலிச்சவங்களுக்கு, போட்டோகிராபர் அனஸ்தாசியா டெய்லர்-லிண்டோட 'மைதான்: போர்ட்ரெய்ட்ஸ் ஃப்ரம் தி பிளாக் ஸ்கொயர்' (2014, கோஸ்ட் புக்ஸ்) புக்க தைரியமா சொல்லுவேன்.

இடம் உக்ரைன், கீவ் நகரம், அங்க நடுவுல இருக்கற சுதந்திரச் சதுக்கத்தத்தான் மைதான்னு சொல்லுவாங்க. அப்போதைய அதிபர் யானுகோவிச் ஐரோப்பிய யூனியன் ஒப்பந்தத்துல இருந்து பின்வாங்குனதால 2013 நவம்பர்ல ஆரம்பிச்ச போராட்டம், 2014 பிப்ரவரில ரொம்ப மோசமான கட்டத்துக்கு வந்துருச்சு, அந்த நேரத்துல டெய்லர்-லிண்ட் ஹ்ருஷெவ்ஸ்கி தெரு பேரிகேட் பக்கத்துலயே ஒரு கறுப்புத் துணிய கட்டி, அங்க இருந்தவங்கள ஒவ்வொருத்தரா நிக்க வச்சு ஃபிலிம் கேமரால எடுத்திருக்காங்க. டயர் புகை, டென்ட் எதுவும் ஃப்ரேம்ல இல்ல. ஆள் மட்டும்தான்.

அதனாலயே கண்ணு அவங்க போட்டிருக்கறதுல போய் நிக்குது. யூனிஃபார்ம் இல்ல, கெடச்சத மாட்டிட்டு வந்த சாதாரண ஜனம், ஹெல்மெட், முட்டிக்கு பேடு, கைல செஞ்ச கவசம்னு ஆளுக்கு ஒரு மாதிரி. போராட்டத்த அடக்க ஜனவரி 16 அன்னிக்கு கொண்டு வந்த சட்டத்துல ஹெல்மெட் போட்டுட்டு ஊர்வலம் வரக்கூடாதுன்னு தடை போட்டப்ப, ஜனங்க சமையல் பாத்திரத்த தலைல கவுத்துட்டு வந்தாங்க. அந்த மாசக் கடைசிலயே சட்டத்த பெரும்பாலும் வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா ஹெல்மெட்ட கழட்டற நிலைமை வரவே இல்ல.

பிப்ரவரி 18ல இருந்து 20 வரைக்கும் நடந்த சாவுகளுக்கு அப்பறம் அதே துணி முன்னாடி பூவோட வந்த பெண்கள் நிக்கறாங்க. அந்த ஊர்ல சாவுக்கு இரட்டைப்படைலதான் பூ குடுப்பாங்க, இத தெரிஞ்சுகிட்டு அந்தக் கைங்கள பாருங்க, என்னால சட்டுனு பக்கத்த திருப்ப முடியல.

ஒரே குறை, ஆண்னா சண்டை, பெண்னா துக்கம்னு புக்கே ரெண்டா பிரிஞ்ச மாதிரி தெரியுது. அங்க பெண்கள் காயத்துக்கு கட்டு போட்டாங்க, சமைச்சு போட்டாங்க, ரோட்டுக் கல்ல பேத்து சுமந்தாங்க, அந்த முகங்களும் இதுல நெறைய இருந்திருக்கணும்.

போர்ட்ரெய்ட் எடுக்கறவங்க கண்டிப்பா பாருங்க, பெருசா லைட்டிங் செட்டப்பு எல்லாம் இல்லாமயே ஒரு துணிய வச்சு என்ன பண்ண முடியும்னு புரியும். போன் ஸ்கிரீன்ல பாக்காதீங்க, பிரிண்ட்ல பாருங்க.