விக்கிடேட்டா தகவல் பெட்டி நம்ம ஊர்ப் பக்கங்களுக்கு எப்படி இருக்கு: என் ரிவ்யூ

விக்கிப்பீடியால ஒரு ஊர்ப் பக்கத்தைத் திறந்தா ஓரமா ஒரு பெட்டி வரும்ல, மாவட்டம், மக்கள்தொகை, பின்கோடு எல்லாம் போட்டு, அந்தப் பெட்டிக்கு டேட்டா எங்கிருந்து வரணும்ங்கறதுதான் மேட்டர். ஒவ்வொரு மொழிக்காரங்களும் அவங்கவங்க பக்கத்துல டைப் பண்ணி வெச்சுக்கலாம், இல்லைனா 2012ல ஆரம்பிச்ச விக்கிடேட்டாவுல எல்லாருக்கும் பொதுவா சேர்த்து வெச்சிருக்கறதை இழுத்துக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்ப் பக்கங்கள்ல ரெண்டையும் பார்த்துட்டுதான் எழுதறேன். விக்கிடேட்டாவுக்கு 5க்கு 4 தாராளமா குடுப்பேன்.

ஓசூர் 2019ல மாநகராட்சி ஆச்சு. பழைய முறைல தமிழ்ப் பக்கத்துல ஒருத்தர் மாத்தணும், இங்கிலீஷ்ல இன்னொருத்தர், தெலுங்கு கன்னடத்துல யாராவது கவனிச்சாதான் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கும் கன்னடமும் பேசறவங்க எவ்ளோ பேரு, அவங்க மொழிப் பக்கத்துல ஓசூர் இன்னும் நகராட்சினு கிடந்தா எப்படிங்க? விக்கிடேட்டாவுல ஒரு தடவை மாத்தினா அங்கிருந்து இழுக்கற எல்லாப் பக்கமும் மாறிடும்.

அதைவிட எனக்குப் புடிச்சது மாவட்டப் பிரிப்பைக் கையாள்ற விதம். தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல இருந்தது, அப்புறம் 2004 பிப்ரவரி 9ல கிருஷ்ணகிரி தனியாப் போச்சு, ஊத்தங்கரை, ஓசூர் எல்லாம் அதோட போயிடுச்சு. விக்கிடேட்டாவுல ஊருக்குத் தாலுகா, தாலுகாவுக்கு மாவட்டம்னு ஒழுங்கா கோத்து வெச்சிருந்தா, ஒரு தாலுகா முழுசா வேற மாவட்டத்துக்குப் போறப்ப தாலுகா கிட்ட மட்டும் மாத்தினாப் போதும், உள்ள இருக்கற கிராமம் ஒண்ணொண்ணாத் தொட வேணாம். பழைய மாவட்டத்தையும் அழிக்காம எதுல இருந்து எது வரைக்கும்னு தேதி போட்டு வெச்சுக்கலாம், கையால டைப் பண்ற பெட்டில இந்த வேலையை யாரும் உக்காந்து பண்ண மாட்டாங்க.

ஆனா டேட்டா பொதுவுல இருக்கறதால பெட்டியோட தோற்றத்தையும் பொதுவுல விட்றக் கூடாது, இதுல நான் கறாரா இருப்பேன். 2011 சென்சஸ்படி கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை 18,79,809. அதை 1,879,809னு காட்டினா நம்ம ஆளுங்க நின்னு எண்ணிதான் படிக்கணும், பக்கத்துலயே 2011னு வருஷமும் வரணும், இல்லைனா இப்போதைய கணக்குனு நெனச்சுக்குவாங்க. தமிழ்ல பேரு சேர்க்காத கிராமமா இருந்தா பெட்டில இங்கிலீஷ் எழுத்து அப்படியே வந்து நிக்கும். வண்டி நம்பர் வேற இருக்கு, தர்மபுரிக்கு டிஎன் 29, கிருஷ்ணகிரிக்கு 24, ஓசூருக்கு 70, நம்ம ஊர்ல மொதல்ல தேடறதே அதைத்தான். எதை மேல வெக்கணும், எதை விடணும்ங்கறதை தமிழ் விக்கி டெம்ப்ளேட்தான், அதாவது பெட்டி எப்படி வரணும்னு சொல்ற அச்சுதான், முடிவு பண்ணணும்.

அந்த ஒரு மார்க்கைக் குறைச்சது கண்காணிப்புக்குத்தான். விக்கிடேட்டாவுல யாராவது தப்பா மாத்தினா தமிழ்ப் பக்கத்துல யார் என்ன மாத்தினாங்கனு காட்டற வரலாறுல அது வராது, நாம கவனிக்கற பக்கங்கள்ல நடக்கற மாற்றங்களைக் காட்டற கவனிப்புப் பட்டியல்லயும் செட்டிங்ல போய் நீங்களா டிக் பண்ணாதான் தெரியும். பெட்டில தப்பைப் பார்த்துட்டு எடிட் தட்டறவங்களுக்கு உள்ள அந்த நம்பரே இருக்காது, எங்க போய்த் திருத்தறதுனு புரியாம விட்டுட்டுப் போயிடுவாங்க. புதுசா வர்ற ஆளை இழக்கறது இங்கதான். ஒவ்வொரு வரி பக்கத்துலயும் விக்கிடேட்டாவுக்குப் போற பென்சில் ஐகான் வெக்கற வசதி இருக்கு, ஆதாரம் இருக்கற தகவலை மட்டும் எடுக்கற மாதிரியும் செட் பண்ணலாம், தமிழ்ப் பக்கத்துல எழுதினது இருந்தா அதுக்குத்தான் முன்னுரிமைனும் வெச்சுக்கலாம். இந்த மூணும் இருக்கற டெம்ப்ளேட்டா பார்த்துப் போடுங்க, மூணும் இல்லாததுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

உங்க கிராமத்துக்கு விக்கிடேட்டாவுல தமிழ்ப் பேரு இல்லைனா இன்னைக்கே சேர்த்துடுங்க, லாகின்கூட இல்லாம ஃபோன்லயே முடியும்.